மழைக்கு முன்னால் தேக்கை விற்றுவிடச் சொல்கிறாரா தரகர்?

கேள்வி: கல்லிடைக்குறிச்சி பக்கம் எங்கள் தோட்டத்து வரப்பில் 17 வயதுத் தேக்கு 22 மரம் நிற்கிறது. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 30 அங்குலம் முதல் 38 வரை இருக்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் விலை விழுந்துவிடும், இந்த வாரமே மொத்தமாகப் பேசி முடித்துவிடலாம் என்று தரகர் நெருக்குகிறார். ஓரத்தில் நிற்கும் நாலு பனையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறாராம். கொடுத்துவிடலாமா, தை வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுங்கள். அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் அப்புறம் வேறு யாரும் வந்து விலை கேட்க மாட்டார்கள். மரம் பேசி முடிந்தது என்று ஊருக்குள் அவரே சொல்லிவிடுவார்.

மழையில் விலை இறங்குவது உண்மைதான். ஆனால் ஏன் இறங்குகிறது என்று பாருங்கள். தோட்டத்து மண் குழைந்துவிட்டால் லாரி உள்ளே வராது. தடியைச் சாலை வரை இழுக்க டிராக்டர் வேண்டும், கூடுதலாக ஆள் வேண்டும். அந்தச் செலவைத்தான் உங்கள் விலையில் கழிக்கிறார்கள். நிற்கிற தேக்கு மழையில் நனைந்து கெட்டுப்போகாது, அடுத்த வாரமும் அங்கேயேதான் நிற்கும்.

வானிலை ஒரு மரத்தின் விலையை நிஜமாகவே உடைப்பது புயலில்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்களை ஏராளமாகச் சாய்த்தது. சாய்ந்த ரப்பர் தடியை உடனே அறுத்துப் பதப்படுத்தாவிட்டால் பூஞ்சை பிடித்து நீலம் பூத்துவிடும். அந்த நிலையில் இருப்பவர் வந்த விலைக்குத் தள்ளத்தான் வேண்டும். உங்களுக்கு அந்த அவசரம் எதற்கு?

இந்த நெருக்கடி ஏன் புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது தெரியுமா? பிசான நெல் சாகுபடிக்கு உழவு, நாற்று, உரம் என்று செலவு வரிசைகட்டி நிற்கும். நடுவில் தீபாவளி. கையில் காசில்லாத விவசாயி வரப்பு மரத்தைத்தான் பார்ப்பார். பலரும் ஒரே சமயத்தில் விற்க வர, வாங்குகிறவர் சொன்னதே விலை. அதே நேரம் தேவையும் மந்தம்: மழையில் கட்டட வேலை ஓடாது, மார்கழியில் நம் பக்கம் யாரும் நிலை வைப்பதில்லை. தை பிறந்தால் நிலை, கதவு, ஜன்னல் என்று தச்சர்களுக்கு வேலை வரும். செங்கோட்டை, தென்காசி மரக்கடைகளும் சரக்கு தேடும்.

அதற்காகத் தையில் விலை இரண்டு மடங்காகும் என்று கணக்குப் போடாதீர்கள். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுத் தேக்கு வந்து இறங்குகிறது. ஜன்னலுக்கு யூபிவிசி பிளாஸ்டிக், வாசலுக்கு இரும்புக் கதவு என்று வீடு கட்டுகிறவர்கள் மாறிவருகிறார்கள். உங்கள் மரத்தில் வெளிப்பக்கத்து வெள்ளை மரம் இன்னும் அதிகம், உள்ளே முற்றிய வைரம் குறைவாகத்தான் இருக்கும். பணம் அவசரமில்லை என்றால் நெருக்கமாக நிற்கும் ஒல்லியான மரங்களை மட்டும் இந்தத் தையில் வெட்டி விற்றுவிடுங்கள். மற்றவை நாலைந்து வருடம் நின்று பருக்கட்டும். பருமன் கூடினால் கன அடியும் கூடும், கன அடி விலையும் கூடும். ஒரு பருவத்து மழையால் வரும் ஏற்ற இறக்கம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

இனி அளவுக்கு வருகிறேன். பணம் போவது இங்கேதான். மொத்தமாகப் பேசாதீர்கள், கன அடிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். தடியின் நடுவில், பட்டை நீக்கி, சுற்றளவு எடுக்க வேண்டும். அதை அடியாக மாற்றி, நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. நடுச்சுற்று 36 அங்குலம், நீளம் 10 அடி என்றால் ஐந்தரை கன அடிக்குச் சற்று மேல் வரும். இந்தக் கணக்கே தடியில் உள்ள மரத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்குகிறவருக்கு விட்டுவிடுகிறது. அறுப்புச் சேதாரத்துக்கென்று அது வழக்கமாகிவிட்டது. இதற்கு மேலும் டேப்பை இறுக்கிப் பிடித்து, மெலிந்த நுனிப் பக்கம் நகர்த்தி, 36-ஐ 34 என்று எழுதினால் என்ன ஆகும்? 5 கன அடிதான் நிற்கும். இரண்டே அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. அளக்கும்போது உங்கள் வீட்டு ஆள் ஒருவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்தே ஆகவேண்டும்.

"பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார் தரகர். தேக்கை வெட்டி வண்டியில் ஏற்ற வனத்துறை அனுமதி வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் சான்று, வனச்சரக அலுவலகம் என்று அலைய வேண்டியிருக்கும். தோட்டத்தில் மரம் நடச் சொல்லி அரசே கன்று கொடுக்கிறது. அதே மரத்தை விற்கப்போனால் கையெழுத்துக்கு நடையாய் நடக்க வைக்கிறார்கள். இந்த அலைச்சலைத்தான் தரகர் காசாக்குகிறார். தாமதம் ஒழிந்தால் பாதித் தரகர்களுக்கு வேலையே இருக்காது. அதுவரை நீங்களே போய் மனுக் கொடுங்கள். வெட்ட இன்னும் மாதங்கள் இருப்பதால் இப்போதே தொடங்கலாம்.

அந்த நாலு பனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்துவிட்டது. பட்டா நிலம், அப்பா வைத்த பனை, வரப்புக்கு இடைஞ்சல் என்று என்ன சொன்னாலும் அனுமதி அனுமதிதான். பட்டுப்போன பனையாக இருந்தாலும் கேட்டுவிட்டே தொடுங்கள். தேக்குக்கு வாங்கிய சீட்டு பனைக்குச் செல்லாது. தேக்கு லாரியில் பனையும் ஏறிப் பிடிபட்டால் தரகர் போனை எடுக்க மாட்டார், நிலத்துக்காரர் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதில் உங்களுக்குக் கிடைப்பதும் சொற்பம். நன்றாக முற்றி வைரம் பாய்ந்த பனைதான் கூரைக்குப் போடும் பனங்கைக்குத் தேறும்; மற்றது செங்கல் சூளைக்கு விறகாகப் போகும். பனையைப் பேச்சிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, இந்த வாரமே 22 மரத்துக்கும் பெயின்டால் எண் போடுங்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுத்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தை பிறந்ததும் குறைந்தது மூன்று வியாபாரிகளைத் தனித்தனியாக வரவழைத்து, கன அடி விலையும் வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி யார் பொறுப்பு என்பதும் எழுதி வாங்குங்கள்.