இணையவழிப் பயிலரங்கும் மின்சான்றிதழும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று, வேறு மூன்று நாடுகளின் துறைகளோடு சேர்ந்து நடத்தும் இணையவழி ஆய்வுப் பயிலரங்குக்கு என் கட்டுரைச் சுருக்கம் தேர்வாகியிருக்கிறது. என் நெறியாளரோ, 'ஊரடங்கில் இப்படி எத்தனையோ பார்த்தாயிற்று, சான்றிதழைத் தவிர என்ன மிஞ்சியது?' என்கிறார். நான்கு நாட்களைச் செலவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் நெறியாளரின் சலிப்பு எனக்கும் உண்டு. 2020இல் நம் கல்லூரிகள் நடத்திய இணையவழிக் கருத்தரங்குகளில், நூற்றுக்கணக்கானவர்கள் ஒலியை அணைத்துவிட்டு அமர்ந்திருக்க, ஒருவர் பேசி முடித்ததும் கூகுள் படிவத்தின் சுட்டி வந்து விழும். அதை நிரப்பியவருக்கு மாலைக்குள் மின்சான்றிதழ் வந்துவிடும். (என்னிடம் உள்ளவற்றில் என் பெயர் மூன்று விதமாக இருக்கிறது.) ஆனால் அவற்றுக்குப் பயிலரங்கு என்று பெயரிட்டது நம் தவறு.

பயிலரங்கு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1970இல் தொடங்கப்பட்ட ஐரோப்பிய அரசியல் ஆய்வுக் கூட்டமைப்பு, தன் கூட்டுப் பயிலரங்குகளை 1973இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் முதன்முறையாகக் கூட்டியது. அதன் வழக்கம் எளியது, ஆனால் கடுமையானது. ஒரு பொருளுக்கு ஏறத்தாழ இருபது பேர் மட்டுமே சேர்க்கப்படுவார்கள். கட்டுரைகள் முன்கூட்டியே அனைவருக்கும் அனுப்பப்படும். மாநாடுகளில் செய்வதுபோல் அரங்குக்கு அரங்கு தாவாமல், ஓர் அறையில் சேர்ந்தவர் கடைசி நாள்வரை அந்த அறையிலேயே இருந்து எல்லாக் கட்டுரைகளையும் விவாதிக்க வேண்டும். பெருந்தொற்றின்போது, 2021இல், இதே பயிலரங்குகள் இணையத்தில் நடந்தன. கட்டுரையை முன்பே படித்துவிட்டு வந்து பேசுவதுதான் அதன் உயிர் என்பதால், அறை போனாலும் அது போகவில்லை. தேநீர் இடைவேளைப் பேச்சுகள் போயின; அது சிறிய இழப்பு அல்ல. நாளைக்கு உங்களைக் கூட்டு ஆய்வுக்கு அழைக்கப்போகிறவர் பெரும்பாலும் அந்தத் தேநீர் வரிசையில்தான் அறிமுகமாவார்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் பற்றிய என் கட்டுரையை இப்படியொரு பயிலரங்குக்கு அனுப்பியிருந்தேன். அதைப் படித்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பு கென்யாவிலிருந்து கலந்துகொண்ட ஓர் ஆய்வாளரிடம் இருந்தது. நான் வியர்வை சிந்தி எழுதிய கோட்பாட்டுப் பகுதியை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஆறாம் பக்கத்தின் ஓரத்தில் 'காசோலையில் கையெழுத்திடுவது யார்?' என்று மட்டும் எழுதியிருந்தார். நம் ஊராட்சிகளில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவி ஒதுக்கீட்டில் வந்தாலும், துணைத்தலைவர் உள்ளூர் ஆதிக்க சாதிக்காரராக இருந்து பேனாவை மூடி வைத்துவிட்டால், தெருவிளக்குக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. ஊரறிந்த சங்கதி என்பதால் நான் அதை ஒற்றை வாக்கியத்தில் தாண்டியிருந்தேன். திருத்திய கட்டுரை அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்கியது. இந்தக் கேள்வியை நம் துறைக் கருத்தரங்கில் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் பதில் தெரியும்.

விமானச் செலவும் விசாவும் மிச்சம் என்று மகிழ்கிறவர்கள் கடிகாரத்தை மறந்துவிடுகிறார்கள். ஜெர்மனியின் கோடைப் பிற்பகல் இரண்டு மணி நமக்கு மாலை ஐந்தரை, நல்ல நேரம்தான். நியூயார்க்கின் கோடை மாலை நான்கு மணி நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை. கூட்டு முயற்சி என்று பெயரிருந்தாலும், யாருடைய பகலை ஒட்டி நிரல் வகுக்கப்படுகிறது என்பதைப் பார்த்தால் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். நிரல் வந்ததும் முதலில் அதைப் பாருங்கள். உங்கள் கட்டுரை அகாலத்தில் வைக்கப்பட்டிருந்தால் மாற்றித் தரும்படி தயங்காமல் கேளுங்கள்.

நம் துறைக்கே உரிய இன்னொரு சங்கடமும் உண்டு. 2021 ஜனவரியில் இந்தியக் கல்வி அமைச்சகம், அரசுப் பல்கலைக்கழகங்கள் நாட்டின் பாதுகாப்பு, எல்லை, உள்நாட்டு விவகாரங்கள் சார்ந்த பன்னாட்டு இணையவழிக் கருத்தரங்குகளை நடத்த முன் அனுமதி பெற வேண்டும் என்று அறிவித்தது. உள்நாட்டு விவகாரம் இல்லாத அரசியல் அறிவியல் ஆய்வு எது என்று எனக்கு விளங்கவில்லை. அறிவியல் கழகங்களே எதிர்ப்புத் தெரிவித்த பின், அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. இருந்தவரையிலும் அந்த விதி பயிலரங்கை நடத்துபவர்களுக்கானதுதான். நீங்கள் கட்டுரை படைப்பவர். இருந்தாலும் துறைத்தலைவரிடம் எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள், பிற்பாடு பேச்சு வராது.

முழுக் கட்டுரையை எப்போது கேட்டிருக்கிறார்கள், அதை யார் படித்துக் கருத்துச் சொல்லப்போகிறார்கள் என்பதை உங்கள் கடிதத்தில் குறிப்பிடவில்லை. இந்த இரண்டுக்கும் அமைப்பாளர்களிடம் தெளிவான பதில் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். அவர்கள் மழுப்பினால் உங்கள் நெறியாளர் சொல்வதே சரி. சேர்ந்தீர்கள் என்றால், நீங்கள் கருத்துச் சொல்ல வேண்டிய கட்டுரையை இரண்டு முறையாவது, ஓரக்குறிப்புகளோடு, படித்துவிட்டுப் போங்கள்.