பதில்: மணலில் வரைந்த மீன் உண்மைதானா?

ஸ்தோத்திரம் சிஸ்டர். சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு, "ரோமப் பேரரசின் துன்புறுத்தல் காலத்தில் கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் ரகசியமாக அடையாளம் காண, ஒருவர் மணலில் பாதி மீன் வரைவார், மற்றவர் முடிப்பார்" என்று சொல்லலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வரலாறாகச் சொல்ல வேண்டாம். அதற்குப் பழைய சான்று கிடையாது.

கிரேக்கத்தில் மீனுக்கு 'இக்துஸ்' என்று பெயர். 'இயேசு கிறிஸ்து, தேவகுமாரன், இரட்சகர்' என்பதைக் கிரேக்கத்தில் எழுதி முதலெழுத்துகளைக் கோத்தால் அதே சொல் வரும். பிள்ளைகளையே கோக்க விடுங்கள்.

கூடவே ரோமில் கிடைத்த லிசினியா அமியாஸ் என்ற பெண்ணின் கல்லறைக் கல்லைக் காட்டுங்கள். 3ஆம் நூற்றாண்டு. இரண்டு மீன், நடுவே நங்கூரம், மேலே 'உயிருள்ளோரின் மீன்' என்ற கிரேக்க வரி. சிலுவை இல்லை! எபிரெயர் 6:19 சொல்லும் 'ஆத்தும நங்கூரம்' நினைவுக்கு வருகிறதல்லவா? மணல் கதையைவிட இந்தக் கல்தான் என்னை உலுக்குகிறது.