கடைசிக் கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அருப்புக்கோட்டையில் சிறிய பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். என் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பி.ஏ. பொருளியல்தான் படிப்பேன் என்கிறாள். பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியோடு ஆண்டுக்கு 4 லட்சம், மூன்று ஆண்டுக்கு 12 லட்சம். வங்கியில் 11 சதவீத வட்டிக்குத் தருகிறார்கள். வீட்டுப் பத்திரத்தை ஈடு வைக்க வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை எதுவும் கட்ட வேண்டியதில்லையாம். 'எதற்கும் உதவாத படிப்புக்கு வீட்டை அடகு வைப்பதா, பி.காம். சேர்த்துவிடுங்கள்' என்கிறார் மைத்துனர். மகளுக்குத் தெரியாமல் பத்திரத்தை வங்கியில் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். இந்தப் படிப்பில் சம்பாத்தியம் இருக்கிறதா? கடன் வாங்கலாமா?

ரா., அருப்புக்கோட்டை

அன்புள்ள ரா.,

போன மாதம் என் அம்மா இறந்துபோனார். அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, புடவைகளுக்கு அடியில் ஓர் அடகுச் சீட்டு கிடைத்தது. அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

மைத்துனர் சொன்னதை விட்டுவிடுங்கள். பி.காம். முடித்த பிள்ளைக்கு வேலை வாசலில் காத்து நிற்பதில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 1 தேர்வு பட்டம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது, எந்தப் பாடம் என்று கேட்பதில்லை. உதவாத படிப்பு என்ற சொல்லை உங்கள் வீட்டில் இனி யாரும் அந்தப் பெண்ணின் காதில் விழும்படி சொல்லக் கூடாது.

எனக்குக் கோபம் உங்கள்மீதுதான். நீங்கள் வியாபாரி. ஒரு பித்தளை அண்டாவை வாங்கினால் எடை, கூலி, சேதாரம் எல்லாம் பார்த்துத்தான் வாங்குவீர்கள். 'ஓராண்டு வரை எதுவும் கட்ட வேண்டியதில்லை' என்று வங்கியில் சொன்னதை மட்டும் எப்படி அப்படியே எழுதி அனுப்பினீர்கள்? கட்ட வேண்டியதில்லை, சரி. வட்டி நிற்கிறதா? ஒரு தாளை எடுத்து என்னோடு எழுதுங்கள். முதல் ஆண்டு எடுக்கும் 4 லட்சத்துக்குத் தவணை தொடங்குவதற்குள் நான்கு ஆண்டு வட்டி ஏறும்: 1,76,000. இரண்டாம் ஆண்டு எடுப்பதற்கு மூன்று ஆண்டு வட்டி: 1,32,000. மூன்றாம் ஆண்டுப் பணத்துக்கு இரண்டு ஆண்டு: 88,000. இது தனிவட்டிக் கணக்குதான். கூட்டினால் 3,96,000. இது அசலோடு சேரும். 12 லட்சம் என்று கையெழுத்துப் போட்ட கடன், முதல் தவணை நாளன்று 15,96,000 ஆக நிற்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 22,000. பதினைந்து ஆண்டாக்கினால் தவணை 18,000 சொச்சத்துக்கு இறங்கும், மொத்தம் கட்டுவது 32 லட்சத்தைத் தாண்டும், கடன் முடியும்போது உங்கள் மகளுக்கு 37 வயது ஆகியிருக்கும்.

இன்னொன்றையும் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பொருளியலில் பி.ஏ. என்பது முதல் படி. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதவே முதுகலை வேண்டும். கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான நெட் தேர்வுக்கும் முதுகலை வேண்டும். மூன்றாண்டு பி.ஏ. முடித்தவர் ஆராய்ச்சிக்குப் போனாலும் அப்படித்தான். அவள் எம்.ஏ. முதலாண்டை முடிக்கும் நேரத்தில் பி.ஏ. கடனின் தவணை தொடங்கிவிடும். கேட்டுக்கொண்டால் வங்கி தவணையைத் தள்ளிவைக்கலாம், வட்டி தள்ளிப்போகாது. முதல் படியிலேயே வீட்டுப் பத்திரம் போய்விட்டால் இரண்டாம் படிக்கு எதை வைப்பீர்கள்?

நானும் பொருளியல் படித்தவன்தான். 1980-களில், ஒரு அரசு கலைக் கல்லூரியில். எங்கள் பேராசிரியர் முதல் வகுப்பில் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. கில்பர்ட் ஸ்லேட்டரைப் பற்றிச் சொன்னார். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர். வந்தவர் மாணவர்களின் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டான், உங்கள் மாவட்டத்து வடமலைபுரம். யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை மாடு, என்ன கூலி, யாருக்கு எவ்வளவு கடன் என்று எழுதிவந்தார்கள். 1918-இல் அது நூலானது. 1930-களிலும் அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் என்ன மாறியது என்று கணக்கெடுத்தார்கள். மைத்துனர் உதவாது என்று சொல்லும் படிப்பு இதுதான்.

எங்கள் பேராசிரியரும் எங்களை ஒரு கிராமத்துக்கு அழைத்துப்போனார். ஒரே ஒரு கட்டளை இட்டார். முதலில் மாட்டைக் கேள், பிறகு நிலத்தைக் கேள், கடனைக் கடைசியில் கேள். மாட்டைப் பற்றிப் பேசினால் மனிதர்கள் மலர்வார்கள், கடன் என்றால் வாய் மூடிக்கொள்ளும் என்பார். நான் போன முதல் வீட்டில் திண்ணையில் இருந்த பெரியவர் கடனே இல்லை என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். தெருமுனைக் கிணற்றடியில் அவர் மனைவி குடத்தோடு வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "எழுநூறு ரூபாய் தம்பி, இரண்டு வட்டி, அவர் சொல்ல மாட்டார்" என்றார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். தாளில் இருந்த பூஜ்யத்தை அடித்துவிட்டு அதை எழுதினேன். எழுதும்போது பெருமையாக இருந்தது. ஓர் உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனேன். மிச்சம் இருந்த கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாடு இல்லை. நிலம் அரை ஏக்கர் மானாவாரி. சிரித்துக்கொண்டே சொல்லிவந்தார். கடைசிக் கேள்விக்கு, "நமக்கு என்னடா கடன்" என்று சொல்லிவிட்டு ஊதுகுழலை எடுத்து அடுப்புப் பக்கம் குனிந்தார். குனிந்தபோதுதான் பார்த்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது. தாலிக்கொடியைக் காணவில்லை.

என் விடுதிக்குக் கட்ட 1,800 ரூபாய் வேண்டியிருந்தபோது வைத்தது. அதுவும் இரண்டு வட்டிதான். மாதம் 36 ரூபாய். ஊரார் கடனைக் கிணற்றடி வரை தேடிப்போய் எழுதியவனுக்குச் சொந்த அம்மாவின் கழுத்து இரண்டு ஆண்டாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். விடுதியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போய்வந்திருப்பேன், மாலையில் டியூஷன் எடுத்திருப்பேன். ஏதோ ஒன்று செய்திருப்பேன். எனக்கு முதல் சம்பளம் வருவதற்கு முன்பே நகை முழுகிவிட்டது. பிறகு எத்தனையோ முறை புதிதாகச் செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். சீட்டை மட்டும் கடைசிவரை வைத்திருந்திருக்கிறார்.

சரி, உங்கள் கேள்வி. பொருளியல் படிக்கட்டும், இந்தக் கடன் வேண்டாம். மதுரையில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரியில் இளங்கலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது, மற்றவையெல்லாம் சேர்ந்தாலும் சில ஆயிரம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். நல்ல ஆசிரியர் ஒருவர் அமைந்தால் போதும், அவர் எந்தக் கட்டடத்திலும் இருப்பார். சேமிக்கும் பணமும் பத்திரமும் எம்.ஏ.வுக்கு அப்படியே இருக்கட்டும்.

அவளுக்கு பெங்களூர்தான் என்றால், 2024-இல் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். இருந்தால் ஈடு இல்லாமலே கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையான கடனுக்கு, படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. 2009-இல் வந்த பழைய வட்டி மானியம் தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும் மட்டும் என்று பி.ஏ. பிள்ளைகளை வெளியே நிறுத்திவைத்திருந்தது. அந்த அநியாயத்தைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

மகளுக்குத் தெரியாமல் பத்திரத்தைக் காட்டிவிட்டு வந்ததாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்து நடந்துகொண்டிருந்தேன். இன்று இரவு கடையைச் சாத்தியதும் பத்திரத்தையும் கடைக் கணக்கையும் அவள் முன்னால் வையுங்கள். மேலே உள்ள கூட்டலை அவளே ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும், நான் எங்காவது தவறியிருந்தால் திருத்தட்டும். அப்புறம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். அரசுக் கல்லூரி விண்ணப்பத்துக்கு மே மாதம்தான் நேரம், அதைத் தவறவிட்டுவிடாதீர்கள்.