பஞ்சு மிட்டாய்: கேட்டதும் சொன்னதும்

திருவிழாவில் வாங்கும் பஞ்சு மிட்டாய் வீடு வந்து சேர்வதற்குள் சுண்டிப் பிசின் மாதிரி ஆகிவிடுகிறது. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிடுகிறார்களா?
- நாகப்பட்டினம் வாசகர்

விற்பவரைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் ஊர்க் காற்றைச் சொல்லுங்கள். பஞ்சு மிட்டாய் என்பது சர்க்கரையாலான கண்ணாடி நூல். உருகிய சர்க்கரை துளை வழியே தெறித்து வெளியே வந்த நொடியிலேயே குளிர்ந்து இறுகிவிடுகிறது. ஒழுங்காக அடுக்கிப் படிகமாவதற்கு அதற்கு நேரமே கிடைப்பதில்லை. ஈரமே இல்லாதவரை இந்தச் சர்க்கரைக் கண்ணாடி அறை வெப்பத்தில் விறைப்பாகத்தான் இருக்கும். கொஞ்சம் தண்ணீர் ஏறினால் போதும், அதே வெப்பத்தில் இளகத் தொடங்கும். இளகிய நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இடையிலிருந்த காற்று போய், மிட்டாய் சுருங்கும். அப்படியே விட்டுவைத்தால் சர்க்கரை மீண்டும் படிகமாகி, மறுநாள் நறநறவென்று ஒரு கட்டியாகக் கிடக்கும்.

காற்றின் ஈரப்பதம் 33 சதவீதம் இருக்கும் இடத்தில் இது மூன்று நாள் பிடிக்கும். 75 சதவீதம் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கடலோர ஊர்களில் மாலை வேளையில் 75 சர்வசாதாரணம். ஆகவே சுற்றிய கையோடு பையில் போட்டு, காற்றுப் புகாமல் வாயை இறுக்கிக் கட்டித் தரச் சொல்லுங்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் குச்சியில் சுற்றியதை வாங்கினால் அங்கேயே நின்று சாப்பிட்டுவிடுவது நல்லது. ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் அதன் மேல் நீர் வேர்த்து, மிச்சமிருப்பதும் போய்விடும்.

பள்ளி விழாவுக்கு மின்சார பஞ்சு மிட்டாய் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தோம். பாதி நேரம் சர்க்கரை மணலாகத் தெறித்தது, மீதி நேரம் புகைந்தது. எங்கே தவறு?
- திண்டுக்கல் ஆசிரியை

முதலில் உள்ளே நடப்பதைப் பாருங்கள். தொட்டியின் நடுவே சுழலும் தலை இருக்கிறது. அதற்குள்ளே சர்க்கரை, அதைச் சுற்றி சூடேற்றும் கம்பி அல்லது பட்டை. மோட்டார் அந்தத் தலையை நிமிடத்துக்கு 3,000 சுற்று அளவில் சுழற்றுகிறது. சுழலும் வேகத்தில் சர்க்கரை விளிம்புக்கு ஒதுங்கி, சூட்டில் உருகி, நுண்ணிய இடுக்குகள் வழியே நூலாகப் பாய்கிறது.

மணலாகத் தெறித்தால், உருகுவதற்கு முன்பே சர்க்கரை வெளியேறுகிறது என்று பொருள். தலை போதிய அளவு சூடாகவில்லை, அல்லது சர்க்கரை மிகப் பொடியாக இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளி விழாக்களில் மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு: வோல்டேஜ். எங்கோ ஒரு வகுப்பறையிலிருந்து மெல்லிய ஒயரை மைதானம் வரை இழுத்து, அதே ஒயரில் ஒலிபெருக்கியையும் மாட்டியிருப்பார்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் சூடும் அதே விகிதத்தில்தான் குறையும் என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துவிடும். தடித்த ஒயர், தனி பிளக் பாயின்ட், இரண்டும் கட்டாயம்.

புகைந்தால் சூடு அதிகம். நூல் வரும்வரை சூட்டுக் குமிழைக் கூட்டி வைத்து, வரத் தொடங்கியதும் மெல்லக் குறைக்க வேண்டும். நூல் தொடர்ந்து வருகிறது, புகையோ கருகிய வாடையோ இல்லை என்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் முழுச் சூட்டிலேயே விட்டுவிட்டு, பிறகு இயந்திரத்தைத் திட்டுகிறார்கள்.

சர்க்கரை போடும்போது தலை நின்றிருக்க வேண்டும். தலையின் கொள்ளளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வேண்டாம். விரலை உள்ளே விடாமல் ஒரு குச்சியால் சமமாகப் பரப்பிவிடுங்கள். ஒரு பக்கம் குவிந்திருந்தால் மேசையே ஆடும். பக்கத்தில் மின்விசிறி கூடாது. நூல் தொட்டிக்குள் தங்காமல் பிள்ளைகளின் தலைமுடியில் போய் உட்காரும். சுற்றும் குச்சியை லேசாக ஈரப்படுத்தினால் முதல் நூல் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு தொட்டியின் சுவரில் குச்சியைத் தேய்க்காமல், கையிலேயே உருட்டிக்கொண்டு தொட்டியை வலம் வர வேண்டும். அழுத்தினால் பஞ்சு மிட்டாய் கயிறு மிட்டாய் ஆகிவிடும்.

முடிக்கும்போதுதான் முக்கியமான தவறு நடக்கிறது. உள்ளே சர்க்கரை இருக்கும்போதே சுவிட்சை அணைத்தால் அது இறுகி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். அடுத்த நாள் இயந்திரம் “கெட்டுப்போயிருக்கும்”. கடைசி நூல் வெளியேறும்வரை ஓடவிட்டு, பிறகு சூட்டை அணைத்து, அதன் பின் மோட்டாரை நிறுத்துங்கள். தலை நன்றாக ஆறியபின்தான் கை வைக்க வேண்டும். தொட்டியைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்தால் தானே விட்டுவிடும். மின்சாரப் பகுதியில் நீர் படக் கூடாது, இடுக்கைக் கத்தியால் சுரண்டவும் கூடாது.

ஒரு குச்சிக்கு 25 முதல் 30 கிராம் சர்க்கரை போகும். கிலோவுக்கு 30 குச்சி என்று கணக்கு வைத்து வாங்குங்கள்.

எந்தச் சர்க்கரை நல்லது? நாட்டுச்சர்க்கரையில் செய்யலாமா?
- ஈரோடு வாசகர்

பருமனான, உலர்ந்த வெள்ளைச் சர்க்கரை. பொடித்த சர்க்கரை உருகாமலே பறந்துவிடும். நாட்டுச்சர்க்கரையிலும் வெல்லத்திலும் ஈரம் உண்டு. குளுக்கோஸும் பிரக்டோஸும் தாது உப்புகளும் உண்டு. இவை சீக்கிரம் கருகும், நூலும் எளிதில் இளகும். உடம்புக்கு நல்லது என்று நினைத்துப் போட்டால் இயந்திரத்துக்குத்தான் நோய் வரும். வெள்ளைக் கற்கண்டை ரவையைவிடப் பெரிய குருணையாக உடைத்துப் போடலாம்.

பஞ்சு மிட்டாய்க்குத் தடை என்றார்களே, இப்போது செய்தால் குற்றமா? ரோஸ் நிறத்துக்கு எதைச் சேர்ப்பது?
- விழுப்புரம் சிறு வியாபாரி

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும், அடுத்துத் தமிழ்நாடும் தடை போட்டன. மாதிரிகளில் ரோடமைன்-பி இருந்தது உறுதியானதுதான் காரணம். அது துணிக்கும் தாளுக்கும் ஏற்றும் சாயம். உணவில் அதற்கு அனுமதியே கிடையாது, எவ்வளவு குறைவாகப் போட்டாலும் சரி. அடுத்த மாதம் கர்நாடகமும் பஞ்சு மிட்டாயில் அதைத் தடுத்தது. ஆக, குற்றவாளி அந்தச் சாயம்தான். தொழிலாகச் செய்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணைப் பையில் அச்சிட்டு விற்க வேண்டும்.

நிறம் வேண்டுமென்றால் அனுமதிக்கப்பட்ட கார்மோய்சின் என்ற உணவு நிறம் உண்டு. உச்சவரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். இது சிட்டிகையைவிடக் குறைவு என்பதால் கண்ணளவு உதவாது. 1 கிராம் சுத்தச் சாயத்தை 20 மில்லி நீரில் கரைத்தால், அதில் 2 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். ஒரு கிலோ சர்க்கரைக்கு அதுவே எல்லை, அதில் பாதியே தாராளம். சிரிஞ்சால் அளந்து சர்க்கரையில் பிசறி, தட்டில் பரப்பி, முழுக்க உலர்த்திவிட்டுப் போடுங்கள். கடைப் பொட்டலங்களில் உப்பும் கலந்திருக்கும், எனவே சாயத்தின் சதவீதத்தை லேபிளில் பாருங்கள். பீட்ரூட் சாறு இந்தச் சூட்டில் நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும். எங்களைக் கேட்டால் வெள்ளையே போதும். நாக்குக்கு நிறம் தெரியாது.

வாங்கும்போது, ரோடமைனா அனுமதிக்கப்பட்ட நிறமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ‘கையில் ஒட்டினால் சாயம்’ என்று உலவும் வீட்டுச் சோதனைகளை நம்ப வேண்டாம். ஒட்டாதது எதுவும் இல்லை.

இவ்வளவு பெரிய உருண்டையில் எவ்வளவு சர்க்கரை இருக்கும்? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
- தஞ்சாவூர் வாசகி

30 கிராம், ஏறத்தாழ 120 கலோரி. 330 மில்லி கோலாவில் இதைவிடச் சற்று அதிகம். 20 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் சர்க்கரையின் பங்கு அரை சதவீதம்கூட இல்லை, மீதி காற்று. ஆனால் நூலின் தடிமனை 0.05 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அந்த 30 கிராம் சர்க்கரை பத்து கிலோமீட்டர் நீளமாகும். வாயில் வைத்த கணமே கரைவது அதனால்தான். எப்போதாவது ஒன்று தரலாம், சாப்பிட்டதும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஏதாவது வழி?
- மதுரை வாசகர்

ஐசோமால்ட் என்ற மாற்று இனிப்பு இதே இயந்திரத்தில் நன்றாக நூலாகும், ஈரத்தையும் ஓரளவு தாங்கும். இனிப்பு சர்க்கரையில் பாதிதான். அதுவும் கலோரி இல்லாத பொருள் அல்ல, அளவு கூடினால் வயிறு இளகும். எரித்ரிட்டால் என்ற இன்னொரு மாற்று இனிப்பு வேண்டாம், அது கண்ணாடியாகாமல் உடனே படிகமாகிவிடும்.

இயந்திரம் இல்லாமல் வீட்டில் முடியுமா?
- கோவை வாசகி

பஞ்சு வராது, நூல் வரும். சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 60 மில்லி, லிக்விட் குளுக்கோஸ் இரண்டு டீஸ்பூன். கரைந்தபின் கிளறாமல் 150 முதல் 155 டிகிரி வரை காய்ச்சி இறக்கி, ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். இரண்டு மரக்கரண்டிகளின் காம்பில் எண்ணெய் தடவி, மேசை விளிம்பிலிருந்து வெளியே நீட்டி வையுங்கள். முள்கரண்டியைப் பாகில் தோய்த்து, காம்புகளின் மேலாக வேகமாக வீசுங்கள். சொட்டுச் சொட்டாக விழுந்தால் பாகு இன்னும் சூடு. நூல் தடித்தால் ஆறிவிட்டது, திரும்பச் சூடாக்கலாம். பிள்ளைகளை அடுப்படியில் விடாதீர்கள். இந்தப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

சோன்பப்டியும் இதுவும் ஒரே இனமா?
- சேலம் வாசகர்

பங்காளிகள். சோன்பப்டியில் பாகை வளையமாக்கி, நெய்யில் வறுத்த மாவில் புரட்டி, இழுத்து மடித்து இழுப்பார்கள். மடிக்கும் தோறும் இழை இரட்டிப்பாகும்: பத்து மடிப்பில் 1,024, பதினான்கில் 16,384. இழைகள் ஒட்டாமல் காப்பது அந்த மாவும் நெய்யும்தான். அதனால்தான் சோன்பப்டி பெட்டியில் மாதக்கணக்கில் நிற்கிறது. பஞ்சு மிட்டாய்க்கு அந்தக் கவசம் இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் பல் டாக்டராமே?
- யாழ்ப்பாணம் வாசகர்

நிஜம்தான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வில்லியம் மாரிசன் என்ற பல் மருத்துவரும் ஜான் வார்ட்டன் என்ற மிட்டாய்க்காரரும் சேர்ந்து 1897-இல் இயந்திரத்தை உருவாக்கினார்கள். 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 25 சென்ட் விலையில் 68,655 பெட்டி விற்றது. கண்காட்சி நுழைவுச் சீட்டே 50 சென்ட்தான். அவர்கள் வைத்த பெயர் ஃபேரி ஃப்ளாஸ், ஆஸ்திரேலியாவில் இன்றும் அதே பெயர். பிரெஞ்சுக்காரருக்கு இது அப்பாவின் தாடி, இந்திக்காரருக்குக் கிழவியின் கூந்தல். உங்கள் ஊர் ‘தும்பு முட்டாஸ்’ நாரைப் பார்த்து வைத்த பெயர்.