ஒரு புளோக்கில் நாம் எத்தனை பேர்?

வணக்கம் அக்கா,

பிள்ளைகள் பிறந்ததிலிருந்து ஈசூனில்தான் இருக்கிறோம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று தங்கை வீட்டுப் பக்கம் போக நினைத்து, வீட்டை விற்பனைக்குப் போட்டோம். நல்ல விலை சொன்ன ஒரு சீனக் குடும்பத்துக்கு விற்க முடியவில்லை. எங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டதாம். பக்கத்து வீட்டுச் சீனர் இன்னொரு சீனருக்கு விற்கலாம், அதில் சீனர் எண்ணிக்கை கூடாதாம்; நான் விற்கக் கூடாது. மற்றவர்கள் கேட்கும் விலையோ மிகக் குறைவு. யார் எங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் ஏன் எண்ண வேண்டும்? இன்னொன்றும் கேட்கிறேன். நம்மை இப்படித் தூவிவிடாமல் ஒரே இடத்தில் வாழ விட்டிருந்தால், தமிழ் இன்று இவ்வளவு தேய்ந்திருக்குமா?

அன்புடன்,
ர., ஈசூன்

அன்புள்ள ர.,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இரண்டாவது கேள்விக்குள் நீங்கள் வைத்திருக்கும் பதிலை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஒரு புளோக்கில் எந்த இனத்தவரும் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு போடும் சிங்கப்பூரின் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச்சில் வந்தது. அரசாங்க அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) புதிய வீடுகளை ஒதுக்கியபோது எல்லாரும் கலந்துதான் குடியேறினார்கள். மறுவிற்பனை பெருகியதும் அவரவர் சொந்தபந்தம் இருக்கும் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். அது இயல்பு, நீங்களும் இப்போது தங்கை வீட்டுப் பக்கம்தானே போகப் பார்க்கிறீர்கள்! அப்படியே விட்டதில் பிடோக், தெம்பனிஸ் நகரங்களில் மலாய்க்காரர்கள் 30 விழுக்காட்டைத் தாண்டினார்கள். ஹவ்காங்கில் சீனர்கள் 90 விழுக்காட்டை எட்டினார்கள். அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த எஸ். தனபாலன்தான் இதை வெளிப்படையாகப் பேசி வரம்பைக் கொண்டுவந்தார். 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் நடந்த இனக் கலவரங்களை நேரில் பார்த்தவர்கள் அன்று நடுத்தர வயதில் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை.

இப்போது ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு வரை, மலாய்க்காரர் 25 வரை, இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து 15 வரை இருக்கலாம். குடியிருப்பு வட்டார அளவில் இது 84, 22, 12. நமக்கான அளவு 2010 வரை இன்னும் குறைவு: புளோக்கில் 13, வட்டாரத்தில் 10. கூட்டிப் பார்த்தால் நூற்றைத் தாண்டும். காரணம், இவை உச்சவரம்புகள். இத்தனை பேர் இருந்தே ஆக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

ஏட்டில் பார்த்தால் விதி எல்லாருக்கும் ஒன்றுதான். வலி மட்டும் ஒன்றாக விழுவதில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு சீனர் வீட்டை விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்க வரக்கூடியவர்களில் ஒரு சிறு பங்கைத்தான் அவர் இழக்கிறார், விலை அசையாது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் நீங்கள் விற்கும்போது நாட்டின் முக்கால்வாசிப் பேருக்கு உங்கள் கதவு மூடியிருக்கிறது. மிச்சம் இருப்பவர்களுக்கும் அது தெரியும், அதனால்தான் அடிமாட்டு விலை கேட்கிறார்கள். எண்ணிக்கையில் சிறியவர்களைத் தனித்துவிடக் கூடாது என்று போட்ட விதி, விற்கும் நாளில் அந்தச் சிறியவர்கள் பையிலிருந்தே காசை எடுக்கிறது. பல்லாயிரம் வெள்ளி என்பது ஒரு குடும்பத்தின் ஓய்வுக்காலச் சேமிப்பு.

நான் கலந்து வாழ்வதன் பக்கம்தான் நிற்கிறேன். என் தாழ்வாரத்தில் நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் வருகிறது, தீபாவளிக்கு என் தட்டு போகிறது. என் பிள்ளைகள் தமிழரை மட்டும் பார்த்து வளர்ந்திருந்தால் இந்த ஊரில் பாதி அவர்களுக்கு அந்நியமாக இருந்திருக்கும். ஆனால் கலப்பினால் பலன் அடைவது நாடு முழுவதும் என்றால், அதற்கான விலையையும் நாடு முழுவதும்தான் கொடுக்க வேண்டும். வரம்பால் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டைச் சில நிபந்தனைகளோடு வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது. அதாவது கொள்கை வந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு! ஒவ்வொரு விண்ணப்பமாகப் பார்த்து முடிவு செய்யும் சலுகையாக அது இருக்கக் கூடாது, விலை வித்தியாசத்தை ஈடுகட்டும் உரிமையாக மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, தமிழுக்கு வருகிறேன். உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. வரம்பு வந்ததோ அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு மாற்றினார்கள், வகுப்பறைகள் காலியாயின. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி ஆகிவிட்டது. இவை எதற்கும் எந்த புளோக்கில் யார் இருந்தார்கள் என்பது காரணம் இல்லை.

சேர்ந்து வாழ்ந்தால் மொழி பிழைக்கும் என்றால், முக்கால்வாசி இருக்கும் சீனர்கள் வீட்டில் மாண்டரின் வளர்ந்திருக்க வேண்டும். வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்று 2010இலும் 2020இலும் கேட்டார்கள். மாண்டரின் 35.6 விழுக்காட்டிலிருந்து 29.9க்கு இறங்கியது. மலாய் 12.2இலிருந்து 9.2க்கு, தமிழ் 3.3இலிருந்து 2.5க்கு. ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது. எல்லார் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் ஒரே மாற்றம்தான் நடக்கிறது.

அப்புறம், அந்த 15 விழுக்காடு தமிழருக்கு மட்டும் உரியது இல்லை. மலையாளி, பஞ்சாபி, குஜராத்தி, சிந்தி, யுரேஷியர், பிலிப்பினோ எல்லாரும் அதற்குள்தான். அந்த வரம்பை முழுக்க எடுத்துவிட்டாலும் பக்கத்து வீட்டில் தமிழ் கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

நெருக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் ஒன்றாகக் குடியிருந்தார்கள். அவர்கள் கட்டிக் காத்த கோயில்தான் இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் வரும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயம். அந்த நெருக்கம் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் பங்குனி உத்திரத்துக்குத் தீவின் எந்த மூலையிலிருந்தும் வந்து சேர்கிறோமே, பிள்ளையின் தமிழுக்கும் அந்த மெனக்கெடல் வேண்டும். பள்ளியில் தமிழாசிரியர் இல்லாத பிள்ளைகள் பீட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கிறார்கள். பயணம் களைப்புதான். வீட்டுக்கு வந்ததும் அவர்களோடு தமிழில் பேச ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் என் கவலை.

உங்கள் வீட்டு விஷயத்தில் இரண்டு காரியம் செய்யுங்கள். புளோக்கின் விகிதக் கணக்கை வீவக ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கிறது. இணையத்தில் முகவரியைத் தட்டினால் தெரியும். ஒரு சீனக் குடும்பம் வேறு இனத்தவருக்கு விற்றுவிட்டுப் போனால்கூட இடம் திறக்கலாம். அன்றே முகவரைக் கூப்பிடுங்கள். காத்திருக்கும்போதே வீவகவுக்கு முறையீடு எழுதுங்கள். வந்த விலைக் கேட்புகளையும் தேதிகளையும் இணையுங்கள், அம்மாவின் நிலையைத் தெளிவாகச் சொல்லுங்கள். அதன் நகலை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் எடுத்துப் போங்கள். என்ன பதில் வந்தாலும் எனக்கு எழுதுங்கள்.