அண்டக்கதிரில் கரும்பொருளின் தடயம்: யாழ்ப்பாணத்துக் கேள்விகளுக்குப் பதில்

கோண்டாவில் மாணவி: சேர், கரும்பொருள் ஒளியே விடாது என்றால் அதை அண்டக்கதிரில் எப்படித் தேடுகிறார்கள்?

பிள்ளை, கரும்பொருள் என்பது ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும், கண்ணுக்குத் தெரியாத பொருள்; அண்டக்கதிர் என்பது விண்வெளியிலிருந்து அதிவேகமாக வரும் துகள்கள். பல கொள்கைகளின்படி இரண்டு கரும்பொருள் துகள்கள் முட்டினால் அழிந்து, இலத்திரன், பொசித்திரன் (நேர்மின்னேற்றமுள்ள இலத்திரன்), காமாக் கதிர் என்று எங்களுக்குப் பழக்கமான சாமான்களாக மாறும். அந்த மிச்சத்தைத்தான் தேடுகிறார்கள். இலத்திரன் எங்கும் கிடக்கிறது. அதனால் அரிதான பொசித்திரன் மேல்தான் கண்.

சுன்னாகம் வாசகர்: பொசித்திரன் கூடுதலாக வருகிறதாமே. அப்ப ஆள் பிடிபட்டாச்சா?

கூடுதல் உண்மைதான், அண்ணை. 2006 இல் விண்ணுக்கு ஏவிய பமேலா என்ற துகள் அளக்கும் கருவி அதைக் காட்டியது. 2011 இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பூட்டிய ஏ.எம்.எஸ். என்ற துகள் அளக்கும் கருவி உறுதிப்படுத்தியது. ஏழரைத் தொன் பாரம்; உள்ளே பெரிய நிலைக்காந்தம். இலத்திரன் ஒரு பக்கம் வளைந்தால் பொசித்திரன் மறுபக்கம் வளையும், அதை வைத்துப் பிரிக்கிறார்கள்.

அண்டக்கதிர் விண்வெளி வாயுவில் மோதி மட்டும் பொசித்திரன் பிறந்தால், சக்தி கூடக் கூட அதன் பங்கு குறையவேண்டும். ஆனால் 10 கிகா இலத்திரன்வோல்ற்றுக்கு (துகளின் சக்தியை அளக்கும் அலகு) மேலே பங்கு ஏறுகிறது. 300 கிகா இலத்திரன்வோல்ற்று வாக்கில் பொசித்திரன் வரவு சட்டென்று குறையத் தொடங்குகிறது. கரும்பொருள் என்றாலும் இப்படிக் குறையும், துடிவிண்மீன் (வேகமாகச் சுழன்று துகள்களை வீசும் செத்த விண்மீனின் மிச்சம்) என்றாலும் குறையலாம். வில்லங்கம் அங்கேதான். எனக்கென்றால் துடிவிண்மீன் மேல்தான் சந்தேகம். கெமிங்கா போன்ற துடிவிண்மீன்கள் கிட்டவே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்த ஆளை விசாரிக்காமல் தெரியாதவனைப் பிடிக்கக்கூடாது.

அதே வாசகர்: வந்த திசையைப் பார்த்தால் தெரியாதா?

நல்லூர்த் தேரன்று சனத்துக்குள் இடிபட்டு வெளியே வந்தவரைப் பார்த்து, எந்த வீதியால் உள்ளே போனவர் என்று சொல்லமுடியுமா? மின்னேற்றமுள்ள துகளும் அப்படித்தான், பால்வீதியின் காந்தப்புலத்தில் சுற்றிச் சுற்றித் திசையைத் தொலைத்துவிடும். காமாக் கதிர் நேரே வரும். 2008 இல் ஏவிய ஃபெர்மி தொலைநோக்கியின் தரவில் பால்வீதி மையத்திலிருந்து கொஞ்சம் கூடுதல் காமாக் கதிர் தெரிகிறது. அதிலும் துடிவிண்மீன் சண்டை ஓயவில்லை. சந்தடி குறைந்த குட்டி விண்மீன்மண்டலங்களிலோ உறுதியான சைகை இல்லை.

சாவகச்சேரித் தம்பி: வீட்டிலிருந்து அண்டக்கதிர் பார்க்கலாமா?

உள்ளங்கையை விரியுங்கோ. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவன் (அண்டக்கதிர் மேல்வளியில் மோதிப் பிறக்கும் துகள்) விழும். இதை வாசித்து முடிப்பதற்குள் பல மியூவன்கள் உங்கள் கையைத் துளைத்துப் போயிருக்கும். கரும்பொருள்தான் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.