கையில் 16, எதிரில் 10: பிளாக்ஜாக் கேள்வி - பதில்

கேள்வி: நண்பர்களோடு லாஸ் வேகஸ் போகிறோம். பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் டீலரைவிட 21-க்கு அருகில் போக வேண்டும், 21-ஐத் தாண்டினால் தோல்வி என்பது வரை தெரியும். 12-லிருந்து 16 வரை வந்தால் இன்னொரு சீட்டு எடுப்பதா, நிற்பதா?
- வாசகர், டல்லஸ்

பதில்: புதியவர்களின் பணம் பெரும்பாலும் கரைவது இந்த ஐந்து எண்களில்தான். உங்கள் சீட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காசினோ சார்பில் ஆடும் டீலர் முன்னால் திறந்திருக்கும் சீட்டையும் பாருங்கள். டீலருக்குச் சொந்த முடிவு கிடையாது. 16 வரை எடுத்தே ஆகவேண்டும், 17 வந்தால் நின்றே ஆகவேண்டும் (ஏஸை 1 என்றோ 11 என்றோ எண்ணலாம்; 11 என்று எண்ணி வரும் 17-ல் மட்டும் சில மேஜைகளில் இன்னொன்று எடுப்பார்). அவரிடம் 4, 5, 6 திறந்திருந்தால் நூற்றுக்கு 40 தடவையோ அதற்குச் சற்று மேலோ அவரே 21-ஐத் தாண்டிவிடுவார். 7 திறந்திருந்தால் அது சுமார் 26-ஆகக் குறைந்துவிடும்.

அதனால் ஏஸை 11 என்று எண்ணாமலே 13 முதல் 16 வரை உங்களிடம் இருந்து, டீலரிடம் 2 முதல் 6 வரை திறந்திருந்தால் நில்லுங்கள். 7 முதல் ஏஸ் வரை என்றால் எடுங்கள். 12 மட்டும் தனி: எதிரில் 4, 5, 6 இருந்தால்தான் நிற்க வேண்டும்; 2, 3 என்றால் எடுக்க வேண்டும். 12-ஐக் கவிழ்ப்பவை பத்து மதிப்புள்ள சீட்டுகள் மட்டுமே (10, ஜாக், குயீன், கிங்). அதாவது 13 வகையில் 4.

எல்லோரும் தடுமாறுவது 16-க்கு எதிரில் 10 வரும்போது. எடுத்தால் 13-ல் 8 வகைச் சீட்டுகள் உங்களைக் கவிழ்க்கும், அதனால் கை பின்வாங்கும். ஆனால் நின்றாலும் டீலர் கவிழ்ந்தால் மட்டுமே ஜெயிப்பீர்கள். இரண்டு வழியிலும் 100 டாலருக்குச் சராசரியாக 54 டாலர் அளவுக்குப் போகும். எடுப்பது மயிரிழை மேல். பாதிப் பணத்தை விட்டுக்கொடுத்து விலகும் 'சரண்டர்' அந்த மேஜையில் உண்டென்றால் தயங்காமல் அதைக் கேளுங்கள். 50 டாலரோடு நஷ்டம் நிற்கும்.

கேள்வி: ஏஸும் 6-ம் வந்தால் 17 தானே, நிற்கலாமா?
- வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: கூடவே கூடாது. ஏஸை 1 என்றும் எண்ணலாம் என்பதால் எந்தச் சீட்டு வந்தாலும் இந்தக் கை 21-ஐத் தாண்டாது; நின்றால் டீலர் கவிழ வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான். எதிரில் 3 முதல் 6 வரை இருந்தால் பந்தயத்தை இரட்டிப்பாக்குங்கள், மற்றபடி எடுங்கள். ஏஸ், 7 என்றால் 2, 7, 8-க்கு நில்லுங்கள். 3 முதல் 6 வரை இரட்டிப்பு. 9, 10, ஏஸுக்கு எடுங்கள். இந்தக் கடைசி மூன்றில்தான் பலர் "18 நல்ல கை" என்று ஏமாறுகிறார்கள்.

ஏஸ் இல்லாத 11 வந்தால் டீலரின் 2 முதல் 10 வரைக்கும், 10 வந்தால் 2 முதல் 9 வரைக்கும், 9 வந்தால் 3 முதல் 6 வரைக்கும் இரட்டிப்பாக்குங்கள். ஒரே மதிப்புள்ள ஜோடிகளில் ஏஸையும் 8-ஐயும் எப்போதும் இரண்டு தனிக் கைகளாகப் பிரியுங்கள்; பத்துகளையும் 5-களையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள்.

கேள்வி: டீலரிடம் ஏஸ் தெரிந்ததும் "இன்ஷூரன்ஸ்" என்கிறார்களே, அது பாதுகாப்புதானே?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கைக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. மூடியிருக்கும் சீட்டு பத்து மதிப்புடையதா என்று கட்டும் தனிப் பந்தயம் அது. ஜெயித்தால் ஒன்றுக்கு இரண்டு. ஆறு கட்டு ஆட்டத்தில் மொத்தம் 312 சீட்டுகள். அந்த ஏஸ் போக 311, அதில் பத்து மதிப்புள்ளவை 96. பத்துப் பத்து டாலராக 311 தடவை கட்டினால் 96 தடவை 20 டாலர் வீதம் 1,920 வரும். 215 தடவை 10 டாலர் வீதம் 2,150 போகும். 230 டாலர் நஷ்டம். உங்களிடமே பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும்) இருக்கும்போது நீட்டப்படும் "ஈவன் மணி"யும் (பந்தயத்துக்குச் சமமான தொகையை உடனே வாங்கிக்கொள்வது) இதே பந்தயம்தான். இரண்டையும் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: இதையெல்லாம் மனப்பாடம் செய்தால் ஜெயிக்கலாமா?
- வாசகர், சான் ஹோசே

பதில்: நீண்ட ஆட்டத்தில் முடியாது. இந்த முறையை முதலில் துல்லியமாகக் கணக்கிட்டு 1956-ல் வெளியிட்டவர்கள் பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மட் என்ற நால்வர். அமெரிக்க ராணுவத்தில் இருந்தபோது மேஜைக் கால்குலேட்டரில் போட்ட கணக்கு. நல்ல விதிகள் உள்ள மேஜையில் இதைப் பிசகாமல் ஆடினால் 1,000 டாலர் பந்தயத்துக்குச் சராசரி நஷ்டம் 5 டாலர் அளவில் நிற்கும். நீங்கள் முதலில் ஆடி முதலில் கவிழ்கிறீர்கள். பிறகு டீலரும் கவிழ்ந்தாலும் உங்கள் பணம் திரும்பாது. காசினோவின் லாபம் அங்கேதான்.

நஷ்டம் அந்த 5 டாலரைத் தாண்டாமலிருக்க, உட்காருமுன் மேஜைத் துணியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பிளாக்ஜாக்குக்கு "3 டு 2" என்றால் 10 டாலருக்கு 15 கிடைக்கும், "6 டு 5" என்றால் 12 தான். பிளாக்ஜாக் சுமார் 21 ஆட்டத்துக்கு ஒரு தடவை வரும். ஆக, 10 டாலர் வீதம் ஆடும் 100 ஆட்டத்தில் இந்த ஒரு விதியே ஏறக்குறைய 14 டாலரைத் தின்றுவிடும். 6 டு 5 மேஜையில் குறைந்தபட்சப் பந்தயம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் உட்காராதீர்கள். டீலர் ஏஸ் சேர்ந்த 17-ல் நிற்கும் மேஜை கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: மேஜையில் எப்படி நடந்துகொள்வது?
- வாசகி, டல்லஸ்

பதில்: பணத்தை டீலர் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வையுங்கள். சீட்டு திறந்து வரும் ஆட்டத்தில் சீட்டைத் தொடாதீர்கள். எடுக்க, விரலால் மேஜையைத் தட்டுங்கள். நிற்க, உள்ளங்கையைக் கிடைமட்டமாக அசையுங்கள். கண்காணிப்பு கேமராவுக்குச் சைகைதான் சாட்சி. வாயால் சொன்னது பதிவாகாது. இரட்டிப்புக்கும் பிரிப்பதற்கும் அதே அளவு சிப்ஸை (பந்தய வில்லைகள்) முதல் பந்தயத்தின் பக்கத்தில் வையுங்கள், மேலே அல்ல. எப்போது எடுப்பது, எப்போது நிற்பது என்று அச்சிட்ட உத்தி அட்டையைப் பார்த்தே ஆடுவதை லாஸ் வேகஸில் பொதுவாகத் தடுக்க மாட்டார்கள். ஆட்டத்தைத் தாமதப்படுத்தாமல் பார்த்தால் போதும்.